கடைமடைக்கு வர்ற நெட்டு

வாய்க்கால் பாசனக்காரங்களுக்குக் கடைமடைன்னா என்னன்னு சொல்ல வேண்டியதில்ல. டவுன்ல இருக்கிற உங்களுக்குச் சொல்றேன். அணையில தண்ணி நிறைஞ்சு கிடக்கும், வாய்க்கால் தலைப்புலயும் நல்லாப் பாயும். கடைசி வயலுக்கு மட்டும் வந்து சேராது. சங்கரன்கோவில் பக்கம் எங்க ஊருக்கு நெட்டு வர்ற கதையும் அப்படித்தான்.

தூரம் இன்னைக்கு ஒரு பிரச்சனையே இல்ல. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத்னு தனித்தனியா இருந்த ரயில் முன்பதிவு கம்ப்யூட்டர்களை 1999-ல ஒண்ணா இணைச்சாங்க. 2002-ல சென்னையில இருந்து சிங்கப்பூருக்குக் கடலுக்கு அடியிலயே சுமார் 3,200 கிலோமீட்டர் கேபிள் போட்டாங்க. ஊராட்சிகளுக்குக் கண்ணாடியிழைக் கேபிள் கொண்டுவர்ற திட்டத்துக்கு 2011-ல மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. அதுதான் இப்போ பாரத்நெட். தமிழ்நாட்டுல 12,525 ஊராட்சிக்கும் அந்த வேலையைச் செய்யுறது டான்ஃபினெட்.

இதனால நன்மை இல்லாம இல்ல. சிட்டா வாங்க முன்னெல்லாம் பஸ் ஏறி தாலுகா ஆபீஸ் போகணும், ஒரு நாள் கூலி போயிரும். இப்போ போன்லயே பார்த்துக்கிடலாம்.

ஆனா எங்க ஊர் கம்ப்யூட்டர் சென்டருக்கு வர்றது ஒரு தனியார் லைன், ஒத்தை வயர். சில வருஷத்துக்கு முன்னாடி, உளுந்துக்குப் பயிர் காப்பீடு கட்டக் கடைசி நாள். குடிதண்ணிக் குழாய் பதிக்கத் தோண்டின பொக்லைன் அந்த வயரை அறுத்துப் போட்டுருச்சு. அடங்கலும் பாஸ்புக்குமா பத்துப் பேரு காத்துக் கிடந்தோம். மத்தியானத்துக்கு மேல பைக்ல சங்கரன்கோவிலுக்குப் போனா, அங்க அதைவிடக் கூட்டம். எனக்குப் பதிஞ்சு முடிக்க ராத்திரி ஆயிருச்சு. எங்க தெரு பெரியம்மாவுக்கு வண்டி கிடைக்கல, பதியவும் முடியல. அந்த வருஷம் மழை அடிச்சு எல்லாருக்கும் உளுந்து அழுகிப்போச்சு. எங்களுக்கு வந்த இழப்பீடு அவங்களுக்கு வரல.

பெரிய ஊர்களுக்கு நடுவுல கேபிளை வளையமாப் போடுவாங்களாம். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கமாச் சுத்தித் தகவல் போய்ச் சேர்ந்துரும். ஒத்தை வயருக்குச் சுத்திப் போக வழி ஏது? ஊருக்கு ரெண்டாவது பாதை போடச் செலவு பிடிக்கும், ஒத்துக்கிடுறேன். அதுவரைக்கும் செலவில்லாத வழி ஒண்ணு இருக்கு. லைன் இல்லாத அன்னைக்கு மனுவைக் காகிதத்துல வாங்கி, தேதி போட்டு ரசீது கொடுங்க. லைன் வந்ததும் ஏத்திக்கிடுங்க. அந்தத் தேதியையே கணக்குல எடுங்க. மணியார்டர் காலத்துல தபால்காரர் கொடுத்த ரசீதை நம்பித்தானே இருந்தோம்?

பெரியம்மா இப்பல்லாம் கடைசித் தேதிக்கு ரெண்டு வாரம் முன்னாடியே போய்ப் பதிஞ்சிர்றாங்க. அதுக்கு அடங்கல் சீக்கிரம் கிடைக்கணும், கையில பணமும் இருக்கணும். எல்லா வருஷமும் ரெண்டும் சேர்ந்து அமையுதா என்ன?