சத்தம் நல்லாத்தான் இருக்கு, தண்ணிதான் வரலை

வாசகர் கேள்விகளில் ஒன்று இது: “மழைக்காலத்தில் வயல் தண்ணீரை இறைக்க, பழைய பெட்ரோல் பம்புசெட் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?” ஒரு வரியில் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் இதே விஷயத்தில் நான் ஒருமுறை அரைகுறை யோசனை சொன்னேன். அந்த நஷ்டத்தை இன்னொருவர் பட்டார். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சீர்காழிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் அக்கா ஒருவர் நாலு மா நிலம் வைத்து, தனியாளாகச் சம்பா செய்கிறார். அதில் ஒரு மா பள்ளக்கால். 2022 சித்திரையில் பழைய 2 அங்குல பம்புசெட் ஒன்று, பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடும் வகை, ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வந்தது. “நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க தம்பி” என்று என்னை அழைத்துப் போனார். விற்பவர் கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தார். எஞ்சின் தையல் மிஷின் போல ஓடியது. புகையும் இல்லை. கடைமடை வாய்க்காலில் அப்போது சொட்டுத் தண்ணீர் கிடையாது. “எஞ்சின் நல்லா இருக்கு, வாங்கிக்குங்க அக்கா” என்று சொல்லிவிட்டேன்.

அந்த வருஷம் நவம்பர் 11, 12-இல் என்ன நடந்தது என்று நம் பகுதியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சீர்காழியில் 24 மணி நேரத்தில் 44 செ.மீ. மழை. நட்டு ஒரு மாதம்கூட ஆகாத பயிர் எல்லாம் முங்கியது. ஐந்தாறு நாள் கழித்து வடிகாலில் மட்டம் இறங்க, அக்காவின் மேட்டுக்கால் தலை காட்டியது. பள்ளக்காலில் மட்டும் தண்ணீர் நின்றது. அன்று இறைத்திருந்தால் பயிர் தப்பியிருக்கும். இரண்டு பேர் பம்பைத் தூக்கி வந்து வரப்பில் வைத்தார்கள். எஞ்சின் ஓடியது, தண்ணீர் ஏறவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா சொன்னது இவ்வளவுதான்: “சத்தம் நல்லாத்தான் இருக்கு தம்பி, தண்ணிதான் வரலை.”

மெக்கானிக்குகள் எல்லாரும் அந்த வாரம் முழுக்க வேலையில் இருந்தார்கள். ஒருவர் வந்து பிரித்துப் பார்க்க நாலு நாள் ஆனது. மெக்கானிக்கல் சீல் போயிருந்தது. இம்பெல்லர் இறக்கைகள் தேய்ந்து பாதியாகியிருந்தன. சீல் வழியே காற்று இழுத்தால் பம்பு தண்ணீரைப் பிடிக்காது. செலவு ஆயிரத்துச் சொச்சம்தான். ஆனால் அதற்குள் பள்ளக்கால் பயிர் அழுகிவிட்டது. அக்கா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த கோடையில் காயலான் கடையில் கிடந்த அதே வகை பம்பு ஒன்றை மூவாயிரம் கொடுத்து வாங்கி, வீட்டு வாசலில் நானே பிரித்தேன். பட்டம் படித்தது பயிரைப் பற்றி. எஞ்சினைப் பற்றிக் கற்றது ஸ்பேனர் பிடித்துத்தான். அதில் தெரிந்துகொண்டவை:

முதலில், போனவுடன் சைலன்சரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஆறவிட்டு, குளிர்ந்த எஞ்சினை நீங்களே இழுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். அதற்கு முன் கயிற்றை மெதுவாக இழுத்தால் ஓரிடத்தில் கை நன்றாகப் பிடிக்க வேண்டும். பிடிப்பே இல்லாமல் வழவழவென்று வந்தால் அழுத்தம் இல்லை. ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கிறது.

இரண்டாவது, ஆயில். பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சினாக இருக்கலாம். மண்ணெண்ணெய் வாடை அடித்து, அளவும் கூடியிருந்தால், எஞ்சின் சூடாகும் முன்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய வண்டி அது. நீர்த்த ஆயிலில் ஓடினால் பேரிங், ரிங் எல்லாம் சீக்கிரம் தேயும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உலர்ந்த கரி என்றால் பெரும்பாலும் ஏர் ஃபில்டர், கார்புரேட்டர் சுத்தம் செய்தால் போதும். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் செலவு பெரிது.

மூன்றாவது, எங்கே ஓடிய பம்பு என்று கேளுங்கள். நம் கடலோரத்தில் இறால் குட்டைக்கு ஓட்டிய பம்புகளும் விற்பனைக்கு வரும். உப்புத் தண்ணீர் அலுமினிய உடம்பை அரித்துவிடும். வெள்ளைப் பொடி பூத்து, உள்ளே குழி குழியாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

நான்காவதுதான் நான் அன்று செய்யாதது. தண்ணீர் இறைத்துப் பார்க்காமல் வாங்கவே கூடாது. வாய்க்கால் வறண்டிருந்தால் குளத்தடிக்கோ தொட்டிக்கோ எடுத்துப் போங்கள். 200 லிட்டர் பேரல் ஒன்று போதும். 2 அங்குல பம்பின் தகட்டில் நிமிடத்துக்கு 500, 600 லிட்டர் என்று போட்டிருக்கும். அதிக உயரம் தூக்காமல் இறைத்தால் பேரல் அரை நிமிடத்துக்குள் நிரம்ப வேண்டும். ஒரு நிமிடம் ஆனால் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. ஹோஸை மாற்றிப் பாருங்கள். எஞ்சினும் பம்பும் சேருகிற இடத்தில் சொட்டினால் சீல் போய்விட்டது. சீல், இம்பெல்லர் விலையைக் கழித்துப் பேசினால் அந்தப் பம்பையும் வாங்கலாம். ஓட்டும் முன் பம்பு உடம்பில் தண்ணீர் ஊற்றி நிரப்ப மறக்காதீர்கள். வறட்டு ஓட்டம் சீலை எரித்துவிடும்.

வாங்கிய பிறகு இத்தகைய இயந்திரத்துக்கு எமன் பெரும்பாலும் ஓட்டம் அல்ல, ஓய்வு. வருஷத்தில் பத்து நாள் ஓடி மீதி நாள் மூலையில் கிடக்கும். டேங்கில் விட்ட பெட்ரோல் ஆவியாகி, கார்புரேட்டர் ஜெட்டில் பிசின் போலப் படியும். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தையும் இழுக்கும். நான் வாங்கிய பம்பிலும் அடைப்பு அந்த ஜெட்டில்தான். மெல்லிய செம்புக் கம்பியாலும் ஒரு குவளை பெட்ரோலாலும் சரியாயிற்று. சீசன் முடிந்ததும் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்து வையுங்கள். மண்ணெண்ணெய் வண்டியை நிறுத்தும் முன் சில நிமிடம் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டுங்கள். மூடிய கொட்டகைக்குள் ஓட்டவே வேண்டாம். அந்தப் புகை ஆளைக் கொல்லும். ஓடும்போதும், சூடு ஆறும் முன்பும் எரிபொருள் ஊற்றாதீர்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. ஒரு மா நிலத்தில் 10 செ.மீ. தண்ணீர் நின்றால் அது சுமார் 1,35,000 லிட்டர். நிமிடத்துக்கு 500 லிட்டர் என்றால் நாலரை மணி நேரம். ஒரு ஏக்கருக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். வடிகால் நிரம்பி நிற்கும்போது இறைத்தால் அந்தத் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்த் திரும்பி வரும். ஆக, பம்பு ஊர் வெள்ளத்தை வடிக்காது. வடிகாலில் மட்டம் இறங்கிய பின் நாற்றங்காலையும் பள்ளக்காலையும் காப்பாற்றும், அவ்வளவே. வாய்க்காலைத் தூர்வாருவதையும், பள்ளக்காலில் மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை தாங்கும் சி.ஆர். 1009 சப் 1 போன்ற ரகம் போடுவதையும் பம்பு இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

அந்த அக்காவின் பம்பு இன்னும் ஓடுகிறது. ஆயுத பூஜைக்கு எல்லாரும் இயந்திரத்தைத் துடைத்துப் பொட்டு வைக்கிறோம் அல்லவா? அவர் அன்று காலையிலேயே அதை வாய்க்கால் கரைக்குக் கொண்டுபோய், பேரல் நிரம்புகிறதா என்று பார்த்த பிறகுதான் பொட்டு வைக்கிறார். மழைக்கு முன் பழுது பார்க்க அப்போது நாள் இருக்கும். சென்ற முறை நான் போனபோது, நான் கேட்கும் முன்பே சொன்னார்: “இருபத்தெட்டு எண்ணுறதுக்குள்ள ரொம்பிடுச்சு தம்பி.”

கேள்வி கேட்ட வாசகருக்கு: வாங்கலாம். ஆனால் பேரலோடு போங்கள்.