நடுச்சுவர்ப் புகைபோக்கி

எங்கள் மண்ணூரில் பக்கத்து வீட்டு அக்கா, ஒரகடம் ஃபேக்டரிகளுக்கு வரும் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட மாடி எடுத்தார். இரண்டு வீட்டு விறகடுப்புக்கும் நடுச்சுவரில் ஒரே புகைபோக்கி. மேஸ்திரி அதன் வாயைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்!

மறுநாள் வெந்நீர் போட்டால் வீடெல்லாம் புகை. மாமியாருக்கு ஒரே இருமல். புகையாவது கண்ணுக்குத் தெரியும். கூடவே வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல் என்று ஆரம்பித்து ஆளையே சாய்த்துவிடும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா, சொல்லுங்கள்? அடுப்பைக் கொல்லைக்கு மாற்றினேன்.

20 வருஷம் தடையில்லாமல் அனுபவித்த காற்று, வெளிச்சத்துக்கு 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் உரிமை தருகிறது. நான் சட்டம் பேசவில்லை. "அக்கா, நாளைக்கு உங்க அடுப்புப் புகையும் எங்கே போகும்?" என்றேன். சாயங்காலமே அடைப்பை எடுத்தார்கள். இப்போது புகைபோக்கி புது மாடிக்கும் மேலே நிற்கிறது. கூலியில் பாதி எங்களுடையது.