882-ல யார் பேசுறாங்க?

ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒரு பழைய பேட்டரி ரேடியோவோட நெய்வேலியில ஏதாவது ஒரு திறந்த மைதானத்துக்குப் போங்க. வீட்டுக்குள்ள எல்இடி பல்பு, சார்ஜர், வைஃபை பெட்டி எல்லாம் சேர்ந்து மீடியம் வேவை 'கொர்ர்'னு இரைச்சலாக்கிடும். ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற நம்ம டவுன்ஷிப்ல, இந்தப் பொழுதுபோக்குக்கு முதல் எதிரியே கரண்ட்தான்!

முள்ளை 882-க்குத் திருப்புங்க. அது இலங்கையில புத்தளத்துல இருக்கிற 400 கிலோவாட் ஒலிபரப்பி. இங்கிருந்து சுமார் 400 கிலோமீட்டர். பகல்ல வானத்துல இருக்கிற டி அடுக்கு மீடியம் வேவை உறிஞ்சிடும். சூரியன் மறைஞ்சதும் அந்த அடுக்கு கலைஞ்சிடும். அலை இன்னும் மேல போய், அங்கிருந்து மடங்கிக் கீழ வரும். உப்புத்தண்ணி நல்ல மின்கடத்திங்கிறதால, கடல்மேல தரையலையும் ரொம்ப தூரம் ஓடும். நமக்கும் புத்தளத்துக்கும் நடுவுல ஏறக்குறைய பாதி வழி கடல்தான்.

முதல் தடவை அந்தக் குரல் மங்கி, மறுபடி தெளிஞ்சு வந்தப்போ, பரீட்சைக்காக நான் மனப்பாடம் பண்ணின அலைப்பரவல் பாடம் காதுக்குள்ளயே வந்து உட்கார்ந்துச்சு. ரேடியோவைக் கையில வச்சு மெல்லச் சுத்துங்க. ஒரு திசையில சத்தம் கூடும், இன்னொரு திசையில செத்துப்போகும். உள்ள இருக்கிற ஃபெரைட் தண்டு திசை காட்டுது!

இன்னொரு கணக்கு: 882, சென்னை 720, திருச்சி 936, தூத்துக்குடி 1053. எல்லாத்தையும் 9-ஆல வகுத்துப் பாருங்க.

"ஆப்ல கேட்டா போச்சே"ன்னு கேப்பீங்க. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல தானே புயல் கரையைக் கடந்தப்போ என்ன ஆச்சுன்னு வீட்ல பெரியவங்ககிட்ட கேளுங்க. நம்ம மாவட்டத்துல நாள்கணக்கா கரண்ட் இல்ல. இங்க செல்போன் டவர் விழுந்தா ஆப்பும் போச்சு. எஃப்எம் ரொம்ப தூரம் தாண்டாது. ஆனா திருச்சியில கிளம்புற மீடியம் வேவுக்கு நடுவுல ஒரு டவரும் தேவையில்ல. இங்க ரெண்டு பேட்டரி போதும்.

அந்த மீடியம் வேவ் ஒலிபரப்பிகளைத்தான் நாடு முழுக்க ஒண்ணொண்ணா நிறுத்திட்டு வர்றாங்க. இருக்கிறப்பவே கேட்டுடுங்க. தேதி, நேரம், அலைவரிசை, கேட்டது என்னன்னு ஒரு நோட்டுல குறிச்சு வைங்க. நிலையத்துக்கு எழுதிப் போட்டா, சில பேர் க்யூஎஸ்எல் அட்டையும் அனுப்புவாங்க.