யூனிட்டை மாற்றுவதற்கு முன்னால்

கரூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சுகந்திக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஃபோனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நீ எதற்கும் "சரி மாமா, சரி மாமா" என்பாய், அந்த சர்வீஸ் அட்வைசர் முன்னால் போய் நின்றதும் பாதி மறந்துவிடும். எழுதி வைத்தால் கையோடு கொண்டுபோகலாம்.

முதல் விஷயம், காரின் ஸ்கிரீன் யூனிட்டே போய்விட்டது, புதுசு 38,000 ரூபாய் என்று அவர் சொன்னதற்குத் தலையாட்டாதே கண்ணு. எஸ்டிமேட்டில் கையெழுத்தும் போடாதே. யூனிட் போகவே போகாது என்று நான் சொல்ல வரவில்லை. டெஸ்லா கம்பெனியே 2021-ல் சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுத்தது. அந்தக் கார்களின் ஸ்கிரீனுக்குப் பின்னால் இருந்த 8 ஜிபி மெமரி சிப், எழுதி எழுதி அழித்ததிலேயே தேய்ந்துபோயிருந்தது. ஆக, பெட்டியும் சாகும்தான். ஆனால் உன் வண்டி சர்வீஸுக்குப் போகும்வரை ஒழுங்காகப் பாடிக்கொண்டு இருந்தது. உள்ளே என்னென்ன வேலை செய்தார்கள் என்று பில்லில் அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு மேலே படி.

நான் வேலை பார்த்த பஸ் டிப்போவில் எங்களுக்கு ஒரு ஃபோர்மேன் இருந்தார். ஹெட்லைட் மங்குகிறது, வைப்பர் நிற்கிறது, ஹாரன் முனகுகிறது என்று டிரைவர்கள் தனித்தனியாக எழுதிக் கொடுப்பார்கள். அவர் லைட்டையும் பார்க்க மாட்டார், வைப்பரையும் பார்க்க மாட்டார். "எதெது ஒண்ணாக் கெட்டுது?" என்று மட்டும் கேட்பார். ஒன்றாகக் கெட்டவை எங்கேயாவது ஒரு ஃப்யூஸையோ ஒரு எர்த்தையோ பங்கு போட்டுக்கொண்டிருக்கும். அது 24 வோல்ட் பஸ், உன்னுடையது 12 வோல்ட் கார். அந்தக் கேள்வி இரண்டுக்கும் பொருந்தும்.

நீ ஸ்கிரீன் கடிகாரம் 12:00-க்குப் போய்விடுகிறது என்று மட்டும்தான் சொன்னாய். வீடியோவில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மீட்டரும் தெரிகிறது பார். அதில் ட்ரிப் பூஜ்யம், சராசரி மைலேஜ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொல்லவில்லையே! மீட்டர் வேறு பெட்டி, ஸ்கிரீன் வேறு பெட்டி. ஸ்கிரீன் யூனிட் கெட்டிருந்தால் மீட்டர் எதற்காக மறக்க வேண்டும்? இரண்டும் ஒரே நேரத்தில் மறக்கிறது என்றால் கோளாறு இரண்டுக்கும் முன்னால், கரண்ட் வருகிற வழியில் இருக்கிறது.

இப்போது பில்லில் பார். "பேட்டரி டெர்மினல் கிளீனிங்" என்று ஒரு வரி இருக்கும். நீ கேட்காமலே போட்டிருப்பார்கள், எல்லோருக்கும் போடுவார்கள். டெர்மினலைக் கழற்றித் துடைத்தவன் திரும்ப மாட்டும்போது நட்டைச் சரியாக முறுக்காமல் விட்டிருக்கலாம். சும்மா நிற்கும்போது எல்லாம் எரியும். ஸ்டார்ட் செய்யும்போதுதான் மோட்டார் ஒரேயடியாகக் கரண்டை இழுக்கும். லூஸ் காண்டாக்ட் அந்த நொடியில் தாங்காது, வோல்டேஜ் சட்டென்று விழும். அப்போது கடிகாரம் மறக்கும், ட்ரிப் மறக்கும், ஸ்கிரீன் கறுத்துப்போய் முதலிலிருந்து கம்பெனி சின்னத்தைக் காட்டும். உன் வீடியோவில் இந்த வரிசை அப்படியே இருக்கிறது.

சாவியை எடுத்துவிட்டு, பானெட்டைத் திறந்து, டெர்மினல் கிளாம்பைக் கையால் திருகிப் பார். துளிகூட அசையக் கூடாது. அசைந்தால் அதைப் படம் பிடித்து வை. நீயே முறுக்கிவிடாதே, அவர்கள் கண்ணால் பார்க்கட்டும். அசையவில்லை என்றால் பேட்டரியைச் சந்தேகப்படு. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டும். 12.2-க்கு இறங்கினால் பாதி காலி. எஞ்சின் ஓடும்போது பெரும்பாலும் 13.5-லிருந்து 14.5-க்குள் நிற்க வேண்டும். நாலு வருஷ பேட்டரி என்பதால் அதுவே பலவீனமாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. அப்போதும் நீ வாங்க வேண்டியது பேட்டரி, ஸ்கிரீன் இல்லை.

ஒருவேளை மீட்டர் ஒழுங்காக இருந்து ஸ்கிரீன் மட்டும் மறந்திருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். ஸ்கிரீனுக்கு இரண்டு வழியாகக் கரண்ட் போகும். ஒன்று சாவி போட்டால் வருவது, இன்னொன்று சாவி எடுத்த பிறகும் நினைவை வைத்திருக்க எப்போதும் இருப்பது. பல வண்டிகளில் இந்த இரண்டாவதும் கூரையில் இருக்கும் ரூம் லைட்டும் ஒரே ஃப்யூஸில் இருக்கும். எதற்கும் ரூம் லைட் எரிகிறதா என்று பார்த்து எனக்குச் சொல்.

இனி ஃபோன் விஷயம். வயர் குத்தினால் சார்ஜ் ஏறுகிறது, ஆண்ட்ராய்டு ஆட்டோ வரவில்லை என்கிறாய். யூஎஸ்பி வயரில் கரண்டுக்கு இரண்டு கம்பி, தகவலுக்குத் தனிக் கம்பிகள். சார்ஜ் மட்டும் ஏறுகிறது என்றால் தகவல் போகிற பாதை எங்கோ அறுந்திருக்கிறது. முதலில் ஃபோனோடு வந்த கேபிளைப் போட்டுப் பார். கடையில் வாங்குகிற மலிவு கேபிள்கள் சிலவற்றில் தகவல் கம்பியே இருக்காது. அடுத்து மாப்பிள்ளையின் ஃபோனைப் போட்டுப் பார். அதிலும் வராவிட்டால் உன் ஃபோனைக் குற்றம் சொல்வதை விட்டுவிடலாம். போர்ட்டுக்குள் டார்ச் அடித்தும் பார். "இன்டீரியர் கிளீனிங்" என்ற பெயரில் டேஷ்போர்டு பாலிஷை ஸ்பிரே அடித்து மினுக்கியிருப்பார்கள். அது போர்ட்டுக்குள் போனால் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். துணியில் நனைத்துத் துடைப்பதற்குச் சோம்பல். தண்ணீர் விட்டு அடித்துக் கழுவுவதையும் பளபளக்க வைப்பதையும்தான் நம் ஊரில் சர்வீஸ் என்று நினைக்கிறோம். வாடிக்கையாளரும் அதைத்தானே முதலில் பார்க்கிறார்!

ஆனால் என் சந்தேகம் முக்கியமாக வேறொரு வரிமேல். "ஏசி ஃபில்டர் மாற்றம்" என்று இருக்கிறதா? உன் வண்டியில் அந்த ஃபில்டர் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால். இரண்டு பக்கமும் அமுக்கி, கிளவ் பாக்ஸை அப்படியே கீழே தொங்கவிட்டுத்தான் அதை எடுக்க முடியும். யூஎஸ்பி போர்ட்டிலிருந்து ஸ்கிரீனுக்குப் போகிற வயரும் ஏரியல் வயரும் அந்த வழியாகத்தான் ஓடும். அவசரத்தில் கை பட்டு ஒரு கப்ளர் அரை மயிரளவு வெளியே வந்தால் போதும். கிளிக் சத்தம் கேட்கும்வரை திரும்ப அமுக்கினால் சரியாகிவிடும். செலவு பூஜ்யம். இங்கே என் கடைக்கு "யூனிட் போச்சு" என்று வந்த வண்டிகளில் இப்படிப்பட்டவை நிறைய.

கிளவ் பாக்ஸை நீயே கழற்றலாமா என்று கேட்பாய். வேண்டாம். வாரன்டி இருக்கும்போது அவர்கள் கழற்றட்டும். தவிர அந்தப் பக்கத்தில்தான் ஏர்பேக் இருக்கிறது. மஞ்சள் கப்ளர், மஞ்சள் உறை போட்ட வயர் எதையும் பழக்கமில்லாதவர்கள் தொடக் கூடாது.

ரிவர்ஸ் கேமரா சில சமயம் கறுப்பாகிறது என்பதை மட்டும் நான் சர்வீஸ்காரர்கள் தலையில் கட்ட மாட்டேன். வண்டியை ரிவர்ஸில் போட்டு வைத்து, எஞ்சினை நிறுத்திச் சாவியை மட்டும் ஆனில் விட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு, மாப்பிள்ளையை டிக்கிக் கதவை மெதுவாக ஏற்றி இறக்கச் சொல். படம் வந்து வந்து போனால், கதவுக்கும் பாடிக்கும் நடுவில் ரப்பர் குழாய்க்குள் போகிற வயர் மடிந்து மடிந்து உள்ளே அறுந்திருக்கிறது. அது வயசுக் கோளாறு. அவர்கள் காசு கேட்டால் நியாயம்தான். அது சரியாகும்வரை கண்ணாடியைப் பார்த்துத் திரும்பிப் பார்த்து ரிவர்ஸ் எடு. பின்னால் சென்சார் கத்துமே என்று இருக்காதே. 2019 ஜூலையிலிருந்து புதுக் கார்களில் அது கட்டாயம் என்றாலும், மெல்லிய கம்பியும் தாழ்ந்த கல்லும் அதற்குச் சில சமயம் தெரியாது.

ப்ளூடூத்தில் யாரோ தெரியாத ஒருவர் ஃபோன் பெயர் இருக்கிறது என்றாய். ட்ரையல் எடுத்த பையன் பாட்டுக் கேட்டிருப்பான். உடனே அதை நீக்கு. சில வண்டிகளில் கடைசியாகச் சேர்ந்த ஃபோனைத்தான் முதலில் தேடும், உன் ஃபோன் வயரில்லாமல் சேர அடம்பிடிப்பதற்கு அதுகூடக் காரணமாகலாம். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. உன் ஃபோனிலிருந்த பெயர்களும் நம்பர்களும் அந்த ஸ்கிரீனில் ஒரு பிரதி இருக்கும். அடுத்த முறை வண்டியை விடும்போது உன் ஃபோனை அதிலிருந்து நீக்கிவிட்டுக் கொடு. திரும்பச் சேர்க்க ஒரு நிமிஷம் ஆகாது.

இவ்வளவும் படித்துவிட்டு, சர்வீஸுக்குப் பிறகு கெட்டதெல்லாம் சர்வீஸால்தான் கெட்டது என்று சண்டைக்குப் போய்விடாதே. 2022 ஜனவரியில் அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் ஒரு கூத்து நடந்தது. 2014 முதல் 2017 வரை வந்த சில மஸ்டா கார்களில் ரேடியோ 94.9 எஃப்எம்மிலேயே ஒட்டிக்கொண்டு மாற மறுத்தது. ஸ்கிரீன் ஓயாமல் ரீஸ்டார்ட் ஆனது. யாரும் வண்டியைத் தொடவில்லை. அந்த நிலையம் டிஜிட்டல் ஒலிபரப்போடு அனுப்பிய படங்களின் ஃபைல் பெயரில், ஜேபிஜி என்பது போல் கடைசியில் வர வேண்டிய எழுத்துகள் இல்லை. பழைய சாஃப்ட்வேர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் செத்துப்போனது. 1,500 டாலர் பெறுமான பாகத்தை மாற்ற வேண்டும் என்று அங்கே டீலர்கள் சொன்னார்கள். கடைசியில் கம்பெனிதான் பொறுப்பேற்றது. அதனால், உன் ஃபோனோ ஸ்கிரீனோ அந்த வாரத்தில் அப்டேட் ஆனதா என்பதையும் யோசித்துப் பார்.

இப்போது கவுண்டரில் என்ன செய்வது. சனிக்கிழமை போகாதே, கூட்டத்தில் எவனும் காது கொடுக்க மாட்டான். வாரநாளில் காலையில் போ. பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு போட்டாலும் பரவாயில்லை. "ஸ்டீரியோ சரியில்லை" என்று சொன்னால் அவர் ஜாப் கார்டில் "ஸ்கிரீன் செக்" என்று எழுதுவார், உள்ளே ஒரு பையன் பட்டனை அமுக்குவான், பாடும், "கம்ப்ளெயின்ட் எதுவும் இல்லை" என்று வண்டி திரும்பி வரும். எனவே நீ சொல்கிற வார்த்தையை அப்படியே எழுதச் சொல்: "ஸ்டார்ட் செய்யும்போது கடிகாரமும் ட்ரிப் மீட்டரும் ஒன்றாக அழிகின்றன, ஸ்கிரீன் ரீஸ்டார்ட் ஆகிறது, யூஎஸ்பியில் சார்ஜ் ஏறுகிறது, தகவல் போகவில்லை, இரண்டும் போன சர்வீஸுக்குப் பிறகு." எழுதியதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. பேட்டரி டெர்மினல், கிளவ் பாக்ஸ் பின்னால் உள்ள கப்ளர், இந்த இரண்டையும் உன் கண் முன்னால் பார்க்கச் சொல். மரியாதையாகக் கேள். எலக்ட்ரீஷியன் பையனிடம் நேராகப் பேச விட்டால் இன்னும் நல்லது. அவனுக்குத் தெரிந்தது அட்வைசருக்குத் தெரியாது.

சாஃப்ட்வேர் அப்டேட் போடுகிறோம் என்றால் போடட்டும். ஆனால் டெர்மினலைச் சரிசெய்த பிறகுதான். அப்டேட் நடுவில் கரண்ட் போனால் நல்ல யூனிட்டும் கட்டையாகிவிடும், அப்புறம் 38,000 உண்மையாகிவிடும். அதெல்லாம் பார்த்தும் யூனிட்தான் என்றால், வாரன்டி புத்தகத்தில் ஸ்கிரீனுக்குத் தனியாக எத்தனை வருஷம் போட்டிருக்கிறது என்று பார். எதற்கும் ஒத்துவராவிட்டால் 1915 என்று தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதை முதலிலேயே எடுத்து நீட்டாதே. கோபத்தில் வெளியே ஆக்சஸரீஸ் கடைக்கும் போய்விடாதே. அங்கே வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றிவிட்டால் வாரன்டியைப் பற்றி அப்புறம் யாரும் பேச மாட்டார்கள்.

அக்காவுக்குக் கண் ஆபரேஷன் தேதி குறித்தாயிற்றா? அத்தை கூட வந்து இருக்கிறேன் என்கிறாள், தேதி தெரிந்தால் டிக்கெட் எடுத்துவிடுவோம். மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை கரூர் வழியாக வருவதாகச் சொன்னார். முருங்கைக்காயோடு என் பழைய மல்டிமீட்டரையும் கொடுத்தனுப்புகிறேன். சிவப்பு முனை பிளஸ்ஸில், கறுப்பு மைனஸில், குமிழ் 20 வோல்ட் டிசியில். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஒரு தரம், எஞ்சின் ஓடும்போது ஒரு தரம் பார்த்து எனக்கு மெசேஜ் போடு. மீட்டரைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பு, கடையில் அது ஒன்றுதான் இருக்கிறது.

அன்புடன்,
மாமா