ஏறுகிறவரின் கயிறு

2023 ஒக்டோபர் 6ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில் ஒரு பெருமரம் இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸின் மேல் சாய்ந்தது. 5 பேர் பலியானார்கள். மறுநாளே எங்கு பார்த்தாலும் ஒரே பேச்சு: பழைய மரங்களை வெட்டித் தள்ளுங்கள். எனக்கு அந்தப் பேச்சு பொறுக்கவில்லை. இந்த மரங்களை யார் பார்க்கிறார்கள், அதற்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்கத் தொடங்கினேன். கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதி நண்பர் ஒருவர், காலமெல்லாம் மரம் ஏறிப் பிழைக்கும் அண்ணன் ஒருவரை அறிமுகப்படுத்தினார்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். தேயிலைக்கு நிழல் தரும் மரங்களில் கிளை கழித்த அப்பாவிடம் தொழில் பழகிக் கொழும்புக்கு வந்தவர். நான் சந்தித்த அன்று அவருக்கு வெள்ளவத்தையில் வேலை. காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில், ஒரு தொடர்மாடியின் வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரம்.

அவர் உடனே ஏறவில்லை. கத்தியின் முதுகால் அடிமரத்தைத் தட்டிக்கொண்டே சுற்றி வந்தார். வீதிப் பக்கம் வந்ததும் சத்தம் மாறியது, உள்ளே பொந்து. கீழே மண்ணோடு ஒட்டித் தட்டுத் தட்டாகக் காளான். குழாய் போட வெட்டிய கிடங்கில் தடித்த வேரொன்று அறுபட்டுக் கிடந்ததை அவர்தான் காட்டினார்.

“மரம் சும்மா விழாது சேர். வேர வெட்டிப்புட்டு, கல்லப் போட்டு மூடிருவாங்க. அப்புறம் மரத்தக் குத்தம் சொல்லுவாங்க.”

கிளையை அறுப்பதில் ஒரு முறை உண்டு. முதலில் அடிமரத்திலிருந்து சற்றுத் தள்ளி, கீழிருந்து கொஞ்சம் அறுக்க வேண்டும். பிறகு இன்னும் தள்ளி மேலிருந்து. கிளையின் பாரம் போன பிறகுதான், கிளை பிறக்கும் இடத்தில் புடைத்திருக்கும் வளையத்தைத் தொடாமல் மிச்சத்தை எடுக்க வேண்டும். ஒரே வெட்டில் அறுத்தால் கிளை பட்டையை உரித்துக்கொண்டு இறங்கும். அந்தக் காயம் ஆறாது, அதன் வழியேதான் உளுத்தல் உள்ளே போகும்.

எல்லாவற்றுக்கும் ஆதாரம் கயிறு. கிளையில் கட்டி, மேலே உள்ள கவட்டில் போட்டு, அடிமரத்தில் சுற்றிக் கீழே ஒரு பொடியன் பிடித்திருந்தான். அறுந்த கிளையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினான். கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். நடுவில் இரண்டு இடத்தில் நூல் பிரிந்து மயிர் மயிராக நின்றது. “யார் வாங்கித் தந்தது?” என்றேன். “நம்ம காசுதான். புதுசு வாங்கணும், பார்ப்போம்.”

தொடர்மாடிக்காரர் கொடுத்த பணம் ஒரு கொந்தராத்துக்காரருக்குப் போனது. அவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு இன்னொருவருக்குக் கொடுத்தார். அதன் பிறகுதான் அண்ணனின் நாள் கூலி. அறுத்து இறக்கிய மரமும் அவருடையதல்ல, லொறி வந்து மரக்காலைக்கு ஏற்றிக்கொண்டு போனது. அதே வளவில் பலா ஒன்று நிற்கிறது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதியின்றி அதைத் தறிக்க முடியாது. பலாவுக்குச் சட்டம் காவல் நிற்கிறது. ஏறுகிறவருக்கோ ஒரு காப்புறுதி இல்லை. உயிரைப் பணயம் வைப்பவர் ஒருவர், இலாபம் எடுப்பவர்கள் நிலத்தில் நிற்கிறார்கள். இது அநியாயம்.

கொழும்பைப் பூங்கா நகரமாக்கும் எண்ணத்தோடு நகரத் திட்டமிடலாளர் பேட்ரிக் கெடிஸ் 1921இல் அதற்கான நகரத் திட்ட அறிக்கையை எழுதினார். பூங்கா நகரம் என்று நாம் பெருமை பேசும் நிழலில் பெரும்பகுதி முன்னோர் நட்ட மரங்களின் நிழல். இன்றைக்கும் கன்று நடக் காசு கிடைக்கிறது, படமும் பத்திரிகையில் வரும். வளர்ந்த மரத்தை வருடா வருடம் பார்க்கத்தான் காசில்லை. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த கொழும்பு மாநகரசபைக்கு 2025 மே மாதம்தான் தேர்தல் நடந்தது. கொள்ளுப்பிட்டி மரம் விழுந்தபோது சபையில் எழுந்து கேள்வி கேட்க மக்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை. இன்று சபை இருக்கிறது. சோலைவரி கட்டும் நாங்கள் இனிக் கேட்கவேண்டும்: வரவு செலவுத் திட்டத்தில் மரப் பராமரிப்புக்கெனத் தனி ஒதுக்கீடு, வீதி வீதியாக மரங்களின் பதிவேடு, வேரை வெட்டும் எவரும் முதலில் பெறவேண்டிய அனுமதி, ஏறுகிறவர்களுக்கு நிரந்தர வேலை. அதற்கெல்லாம் முன்னால், ஒரு புதுக் கயிறு.