கல்கத்தாவில் ஒரு கட்டு பட்டாணிக் கீரை

பாங்கிலிருந்து மாற்றல் உத்தரவு வந்த அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ரிடையராக மூன்று வருஷம்கூட இல்லாத நேரத்தில் கல்கத்தா! (ஊர்ப் பெயர் 2001-லேயே கொல்கத்தா ஆகிவிட்டது. என் வாய்க்கு என்னவோ கல்கத்தாதான் வருகிறது. வாசக சகோதரிகள் மன்னிக்கவும்.) மாற்றல்கூடப் பெரிதில்லை. என் கணவருக்கு 2021-இல் இதயத்தில் வால்வு மாற்றியிருந்தது. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் போகிற போக்கில் மிட்ரல் வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. உலோக வால்வு பொருத்தினார்கள். அதில் ரத்தம் உறைந்து கட்டிவிடாமல் இருக்க ஆயுசு பூராவும் வார்ஃபரின் மாத்திரை. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒன்று. மாதம் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை. ஐ.என்.ஆர். என்று ஓர் எண் வரும். நமக்கெல்லாம் அது ஒன்று. அவருக்கு இரண்டரையிலிருந்து மூன்றரைக்குள் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குறைந்தால் ரத்தம் கட்டும், கூடினால் ரத்தக் கசிவு. கத்தி மேல் நடக்கிற மாதிரி ஒரு குடித்தனம்.

ஆபரேஷனாகி வந்த வாரமே சொந்தக்காரர் ஒருவர் வந்து, "கீரைப் பக்கமே போகாதீங்க. மாத்திரையை அப்படியே முறிச்சிடும்" என்று பயமுறுத்திவிட்டுப் போனார். அன்றோடு எங்கள் வீட்டில் கீரைக்குப் பூட்டுப் போட்டேன். கும்பகோணத்தில் தினம் ஒரு முளைக்கீரை மசியல் என்று வளர்ந்த மனிதர் அவர். ஒரு வருஷத்துக்கு மேல் வாயே திறக்கவில்லை. கீரைக்காரி தெருவில் கூவிக்கொண்டு போனால் மட்டும் பேப்பரைக் கொஞ்சம் தாழ்த்துவார், மறுபடி உயர்த்திக்கொள்வார். அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும்.

2022 நவம்பரில் லேக் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் மாடி போர்ஷன் ஒன்றில் குடியேறினோம். ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டிய அந்தப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் இருக்கிறார்கள். வாழை இலை, கறிவேப்பிலை, மல்லிகைச் சரம், வறுத்து அரைத்த காப்பிப் பொடி எல்லாம் நாலெட்டு வைத்தால் கிடைக்கும். அழுதுகொண்டு ரயிலேறிய நான் இரண்டாம் நாளே இட்லிக்கு ஊறப் போட்டுவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மார்க்கெட்டின் உள்ளே இருப்பதைவிட வெளியே நடைபாதையில்தான் சுவாரஸ்யம். விடியற்காலை லோக்கல் ரயிலில் தெற்குக் கிராமங்களிலிருந்து பெண்கள் கூடையோடு வந்து இறங்குகிறார்கள். சாக்கை விரித்துக் கீரைகளைப் பரப்பினால் நாலடிக்கு நாலடி ஒரு தோட்டம்! செக்கச் செவேலென்று லால் ஷாக், பாலக், வெந்தயக்கீரை, கடுகுக்கீரை, கொடிப்பசலையான பூயி, கொண்டைக்கடலைச் செடியின் கொழுந்து. ஷாக் என்றால் கீரை. நான் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பாமலேயே போய்க்கொண்டிருந்தேன், பூட்டுப் போட்டவள் இல்லையா!

டிசம்பர் கடைசியில் ஒரு நாள் ஒரு கிழவி என் முந்தானையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். "பௌதி, இதைப் பார். ஏக்தம் கொச்சி!" பௌதி என்றால் அண்ணி. கல்யாணமானவளாகத் தெரிந்தால் கடைக்காரர்கள் எல்லாருக்கும் நாம் அண்ணிதான். கொச்சி என்றதும் நான் கேரளாவிலிருந்து வந்த சரக்கு என்று நினைத்துக்கொண்டேன். வங்காளியில் கொச்சி என்றால் பிஞ்சு, இளசு என்று அப்புறம்தான் தெரிந்தது. அவள் கையில் இருந்தது பட்டாணிச் செடியின் நுனிக் கொழுந்து. வெளிர் பச்சையில் வட்ட வட்டமாக இலை, தண்டைக் கட்டிக்கொண்டு காது மாதிரி இரண்டு இலை, நுனியில் சுருள் சுருளாகப் பற்றுக்கம்பி. ஒரு கொழுந்தைக் கிள்ளி என் வாயில் போட்டாள். பச்சைப் பட்டாணியை உரித்து மென்றால் என்ன ருசியோ அதே ருசி, கொஞ்சம் புல் வாசனையோடு.

'இது கீரையா? இது பட்டாணி' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு கட்டு வாங்கினேன். மனசு எப்படியெல்லாம் வக்கீலாகிறது பாருங்கள்!

கீழ் வீட்டு மாஷிமாதான் சமைக்கக் கற்றுக்கொடுத்தார். (மாஷி என்றால் பெரியம்மா, சின்னம்மா. வயதுக்கு மரியாதையாக மாஷிமா. கீரைக்காரக் கிழவியும் எனக்கு மாஷிதான். இந்த ஊரில் ஒரு வருஷம் இருந்தால் சொந்தம் பெருகிவிடும்.) மொடர் ஷாக் என்று அவர் சொல்லும் இதற்கு வேலை எல்லாம் ஆய்வதில்தான். தண்டை வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும், வளைந்து கொடுத்தால் நாராகிவிட்டது, எறியுங்கள். முற்றின பற்றுக்கம்பிகளைக் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் தொண்டையில் நூல் மாதிரி மாட்டும். நாலைந்து தண்ணீரில் அலசி, பொடிப் பொடியாக நறுக்க வேண்டும். அரை கிலோ கீரை வதங்கி ஒரு கிண்ணம்தான் தேறும் என்பதால் பாத்திரம் நிறைய இருக்கிறதே என்று மலைக்காதீர்கள்.

இரும்பு வாணலியில் இரண்டு ஸ்பூன் கடுகெண்ணெயை லேசாகப் புகை வரும்வரை காய்ச்சி, முதலில் போரி பொரித்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். உளுந்தை அரைத்துக் கிள்ளி வெயிலில் காய வைத்த சின்ன உருண்டைதான் போரி. அதே எண்ணெயில் கருஞ்சீரகம் அரை ஸ்பூன், காய்ந்த மிளகாய் இரண்டு, தட்டின பூண்டு நாலு பல். சதுரமாக நறுக்கின கத்தரிக்காய் ஒன்றைப் போட்டு முக்கால் வேக்காடு வெந்ததும் கீரை, உப்பு, சிட்டிகை மஞ்சள்தூள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது, கீரையே விடும். அந்தத் தண்ணீர் சுண்டும்வரை திறந்தே வதக்கி, ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டு, போரியை நொறுக்கித் தூவி இறக்கிவிடலாம். சர்க்கரை போட நான் முகத்தைச் சுளித்தேன். "போட்டுப் பார், அப்புறம் பேசு" என்றார். போட்டேன், அப்புறம் பேசவில்லை.

கடுகெண்ணெய் பிடிக்காதவர்கள் நல்லெண்ணெயில் செய்யலாம். சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை, அங்கே சீனர்கள் இதையே தோ மியாவ் என்று பூண்டு மட்டும் போட்டுப் பெருந்தீயில் ஒரே நிமிஷம் புரட்டி எடுத்துவிடுவதாகச் சொன்னாள். அதுவும் செய்து பார்த்தேன். என் ஓட்டு மாஷிமாவுக்குத்தான்.

வங்காளிகள் சாப்பாட்டில் கீரை முதலிலேயே வந்துவிடும். கசப்பு ஏதாவது, அப்புறம் வெறும் சோற்றில் பிசைந்து ஷாக், பிறகுதான் பருப்பும் மற்றதும். ராத்திரியில் மட்டும் தொட மாட்டார்கள். நம் பாட்டிமார் சட்டம் ஆயிரம் மைலுக்கு அப்பாலும் செல்லுபடியாகிறது!

அன்று மத்தியானம் என் கணவர் இலையில் அதை வைத்ததும், "என்ன இது?" என்றார். "பட்டாணி" என்றேன். ஒரு வாய் போட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இருவருக்கும் தெரியும், இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கை கழுவும்போது, "நாளைக்கு ரெண்டு கட்டா வாங்கேன்" என்றார்.

ஜனவரி முழுக்கத் தினமும் அதுதான். இதற்கு நடுவில் சரஸ்வதி பூஜை வந்தது. நமக்கு நவராத்திரியில் வரும் பூஜை இவர்களுக்கு வசந்த பஞ்சமியில். 2023-இல் அது குடியரசு தினத்தன்றே, ஜனவரி 26-இல் விழுந்தது. பள்ளிக்கூடத்துப் பெண் குழந்தைகள் எல்லாம் மஞ்சள் புடவையைத் தடுக்கித் தடுக்கி உடுத்திக்கொண்டு தெருவெல்லாம் நடந்தார்கள். பூஜை ஆகும்வரை இலந்தைப்பழம் சாப்பிடக் கூடாதாம், அதுவரை குழந்தைகள் கூடையைப் பார்த்துக்கொண்டு எச்சில் விழுங்கும். மறுநாள் ஷீதல் ஷஷ்டி, அடுப்பு மூட்டமாட்டார்கள். முதல் நாளே சின்ன உருளைக்கிழங்கு, பிஞ்சுக் கத்தரிக்காய், அவரை, தோலோடு பட்டாணி, முழுப் பச்சைப்பயறு, தண்டோடு பாலக் என்று எதையும் நறுக்காமல் முழுசாக வேக வைத்து ஆற வைத்துவிடுவார்கள். கோட்டா ஷெத்தோ என்று பெயர். ஜில்லென்று சாப்பிட வேண்டும். மாஷிமா ஒரு பெரிய கிண்ணம் கொடுத்தனுப்பினார். அதுவும் உள்ளே போயிற்று.

பிப்ரவரி முதல் வாரம் ரத்தப் பரிசோதனை. எண் 1.9.

எனக்குக் கை கால் ஓடவில்லை. டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "மாத்திரை விட்டுப்போச்சா?" என்றார். இல்லை. "புதுசா வேறு மருந்து?" இல்லை. "சாப்பாட்டில் ஏதாவது மாற்றம்?" நான் கூசாமல், "ஒன்றுமில்லை டாக்டர்" என்றேன். பக்கத்தில் மெள்ள ஒரு குரல், "பட்டாணி" என்றது. "பட்டாணியா?" "பட்டாணி... இலை."

திட்டுவார் என்று தலையைக் குனிந்தேன். அவர் சிரித்துவிட்டார். அப்புறம் பொறுமையாகச் சொன்னார். பச்சை இலை எல்லாவற்றிலும் வைட்டமின் கே இருக்கிறது. அதை வைத்துத்தான் ஈரல் ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களைச் செய்கிறது. வார்ஃபரின் அந்த வேலையைத் தடுக்கிறது. திடீரென்று கீரை நிறையப் போனால் மாத்திரை தோற்றுப்போகும். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினால் மாத்திரை மிஞ்சிப்போகும். ஆகையால் கீரையே கூடாது என்பதில்லை, அளவு ஒரே மாதிரி இருக்க வேண்டும். அந்த அளவுக்குத் தகுந்தபடி மாத்திரையைத் தாங்கள் சரிசெய்துகொள்வோம் என்றார்.

சில நாளைக்கு மாத்திரை அளவைக் கூட்டி, ஒரு வாரத்தில் மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார். அந்த ஒரு வாரம் நான் தூங்கவில்லை. ராத்திரி அவர் மூச்சுச் சத்தத்தையும், நெஞ்சில் வால்வு டிக் டிக்கென்று அடிப்பதையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். (உலோக வால்வு உள்ளவர்கள் வீட்டில் இது கேட்கும், கடிகாரம் மாதிரி.) ஒரு வருஷத்துக்கு மேல் அநியாயமாகப் பட்டினி போட்டதும் நான், அளவில்லாமல் அள்ளி வைத்ததும் நான். இரண்டையுமே டாக்டரை ஒரு வார்த்தை கேட்காமல் செய்திருக்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது இந்த மாத்திரை சாப்பிட்டால், நான் சொன்னேன் என்று நீங்களாக எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். போய்க் கேளுங்கள்.

எண் ஏறிற்று. அதன் பிறகு திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு என்று நாலு நாள், தலைக்கு ஒரு சின்னக் கிண்ணம் என்று கணக்கு வைத்தோம்.

நடைபாதை மாஷிக்கு இந்தக் கதை தெரிந்ததும் ஒரே கவலை. தன் கீரையில்தான் ஏதோ கோளாறு என்று நான் நினைத்துவிட்டேனாம். "வந்து என் வயலைப் பார்" என்று ஒரு நாள் வியாபாரம் முடிந்ததும் இழுத்துக்கொண்டு போனாள். பாலிகஞ்சில் லேடீஸ் பெட்டியில் ஏறினோம். காலிக் கூடைகளும் நாங்களுமாக ஜாதவ்பூர், கரியா, சோனார்பூர் தாண்டி பாருயிபூர். கொய்யாவுக்குப் பேர் போன ஊர். ஸ்டேஷனுக்கு வெளியே மூன்று சக்கர வண்டியின் பலகையில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இன்னும் அரை மணி.

நெல் அறுத்த தாள்களுக்கு நடுவே பச்சைப் பசேலென்று பயறு வகைகள். நெல் நிற்கும்போதே ஈர மண்ணில் விதையைத் தூவி விடுவார்களாம், அறுவடை ஆனதும் அது தலை தூக்கும். உழவு கிடையாது. பட்டாணிக்கு மட்டும் மேட்டில் தனியாக ஒரு பாத்தி. கொழுந்தைக் கிள்ளினால் செடி வீணாகுமே என்று கேட்டேன். கிள்ளின இடத்தில் இரண்டு கிளை வெடிக்கும், கீரையும் ஆச்சு, காயும் கூட ஆச்சு என்றாள். பூ வந்துவிட்டால் கிள்ளக் கூடாது, நாராகிவிடும்.

நானும் கிள்ள உட்கார்ந்தேன். பக்கத்துப் பாத்தியில் கையை வைத்ததும் பட்டென்று தட்டிவிட்டாள். "அது கேஷாரி!" உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. பட்டாணிக்கு இலை வட்டம், கேசரிக்குப் புல் மாதிரி ஒல்லி. பூ நீலம். அந்தக் கொழுந்தையும் இவர்கள் எப்போதாவது வதக்கிச் சாப்பிடுகிறார்கள்தான். ஆனால் இதன் பருப்பைத்தான் பஞ்ச காலத்தில் மாதக்கணக்கில் அதையே உணவாகத் தின்றவர்களுக்குக் கால்கள் விறைத்து முடங்கிப்போயின. 1961-இலிருந்து பல மாநிலங்களில் விற்கத் தடை போட்ட பருப்பு. நான் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

நம் ஊரில் இந்தக் கீரைக்கு எங்கே போவது என்பீர்கள். மார்கழி, தையில் வீட்டிலேயே வரும். உடைக்காத முழுப் பட்டாணியை ராத்திரி ஊற வைத்து, அகலத் தட்டில் இரண்டங்குல மண்ணில் நெருக்கமாகப் பரப்பி மூடுங்கள். காலை வெயிலும் லேசான ஈரமும் போதும், இரண்டு வாரத்தில் கத்தரித்துவிடலாம். மளிகைக் கடைப் பட்டாணியே போதும். விதைக் கடையில் சாயம் பூசின மாதிரி வருவது மருந்து தடவினது, அது வேண்டாம். ஊட்டிப் பக்கம் தோட்டங்களில் வாசனைப் பூவுக்காக வளர்க்கும் ஸ்வீட் பீ கொடியை மட்டும் கிள்ளி வைத்துவிடாதீர்கள். அது கேசரிக்குச் சொந்தம், நஞ்சு.

பங்குனி பிறந்ததும் வெயில் ஏறி, மாஷியின் சாக்கில் பட்டாணிக் கீரை மறைந்துவிட்டது. "இனி குளிருக்குத்தான் பௌதி" என்று சொல்லிப் பூயிக் கொடியை நீட்டினாள். மார்ச் மாதப் பரிசோதனையில் எண் 2.8. அதை நோட்டில் குறித்துவிட்டு என் கணவர் பக்கத்திலேயே, "கீரை: பூயி, அரைக் கட்டு" என்று எழுதினார். அரைக் கட்டு எனக்குப் போதாதே என்றேன். யோசித்து, அடித்துவிட்டு, முக்கால் என்று போட்டார்.