மீசாலையில் நின்று போன கோச்சி

பளை, எழுதுமட்டுவாள், மிருசுவில், கொடிகாமம், மீசாலை, சங்கத்தானை, சாவகச்சேரி. தென்மராட்சியில் வளர்ந்த எங்களுக்கு வாய்ப்பாட்டோடு இந்த ரயில் ஸ்ரேசன் வரிசையும் பாடம். மீசாலையில் இறங்குகிறவர் எந்த ஸ்ரேசனில் பெட்டியைத் தூக்கவேண்டும் என்று கொழும்பில் உத்தியோகம் பார்த்த மாமாமார் சோதனை வைப்பார்கள். மிருசுவில் என்றால் முழுப் புள்ளி. கொடிகாமம் வரட்டும் என்று சாய்ந்திருந்தவர் சாமான் சக்கட்டோடு சங்கத்தானையில் இறங்கி, வந்த வழியே நடக்கவேண்டியதுதான். எங்கள் ஸ்ரேசனில் கோச்சி அவ்வளவு நேரந்தான் நிற்கும்.

வடக்கு ரயில் என்றதும் எல்லோரும் யாழ்தேவியைத்தான் பேசுவார்கள். 1956 ஏப்ரல் 23ஆம் திகதி ஓடத் தொடங்கிய அந்த வண்டிக்குப் பேரும் புகழும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது மீசாலையில் நின்றதாக எனக்கு நினைவில்லை. கடவையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் எங்கள்மேல் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போய்விடும். என் ஏக்கமெல்லாம், ஸ்ரேசனுக்கு ஸ்ரேசன் நின்று, கடகத்தோடு வந்த ஆச்சியையும் ஏற்றிக்கொண்டு போன அந்த மெதுவான கோச்சிமேல்தான்.

யாழ் குடாநாட்டின் ரயில் தொடங்கியதும் அப்படித்தான். 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே முதலில் பாதை திறந்தார்கள். கொழும்போடு தொடுப்பு வந்தது 1905இல். இடைப்பட்ட காலமெல்லாம் கொழும்பைக் காணாமலே ஊருக்குள் ஓடிய ரயில் அது.

விடியப்புறம் கொடிகாமம் ஸ்ரேசனைப் பார்த்திருக்கவேண்டும். இரவு மெயிலில் வந்தவர்கள் தூக்கக் கலக்கத்தோடு இறங்குவார்கள். வடமராட்சிக்காரருக்கு ரயில் கிடையாது. பருத்தித்துறை, நெல்லியடிப் பக்கம் போகிறவர்களுக்காக வெளியே தட்டிவான்கள் காத்து நிற்கும். பக்கமெல்லாம் திறந்த பலகை வண்டி. பின்னால் சங்கிலியில் தொங்கும் தட்டியை இறக்கினால் அதில் மூட்டை, சைக்கிள், இடம் கிடைக்காத இளந்தாரிகள் எல்லாம் ஏறிவிடும். "கோச்சி வந்திட்டுதோ?" என்று கேட்டபடி ஓடிவருகிறவரை விட்டுவிட்டுத் தட்டிவான் புறப்படாது. ரயிலுக்கும் தட்டிவானுக்கும் எழுதாத ஒப்பந்தம் ஒன்று இருந்தது.

எனக்குப் பிடித்த காட்சி வேறு. வண்டி உள்ளே வரும்போது றைவர் ஒரு பிரம்பு வளையத்தை வெளியே நீட்டுவார். அதில் தோற்பை ஒன்று தொங்கும். ஸ்ரேசன் ஆள் அதை வாங்கிக்கொண்டு வேறொரு வளையத்தைக் கொடுப்பார். ஒற்றைப் பாதை அல்லவா? அடுத்த ஸ்ரேசன்வரை எதிரே வண்டி வராது என்பதற்கான அத்தாட்சி அந்தப் பைக்குள்தான் இருந்தது. அது கைக்கு வராமல் றைவர் வண்டியை நகர்த்தமாட்டார். கொழும்பு மேலதிகாரியையே காக்க வைக்கும் அதிகாரம் எங்கள் ஊர் ஸ்ரேசன் மாஸ்ரருக்கு இருக்கிறது என்பதில் எனக்குப் பெரிய பெருமை.

மாம்பழக் காலத்தில் மேடை முழுக்கக் கறுத்தக்கொழும்பான் வாசம் அடிக்கும். வைக்கோல் பரப்பி அடுக்கிய பெட்டிகள், முருங்கைக்காய்க் கட்டுகள், வெங்காயம், பனாட்டு, ஒடியல். லீவு முடிந்து அரசாங்க ரயில் வாறன்ரில் திரும்புகிற உத்தியோகத்தர் ஒவ்வொருவரும் ஒரு சின்னச் சந்தையைக் காவிக்கொண்டு போவார்.

1990 யூன் 13ஆம் திகதியோடு, போரால் எல்லாம் நின்றது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 1995 ஒக்ரோபரின் கடைசியில் வலிகாமத்துச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்து வந்தபோது, ஏற்றிவர ரயிலும் இல்லை, ரயில் ஓடத் தண்டவாளமும் இல்லை. எங்கள் கோச்சிப் பாதை பற்றை மூடிய மண்மேடாகக் கிடந்தது. கோச்சியைக் கண்ணால் காணாமலே ஒரு தலைமுறை வளர்ந்து, கலியாணமும் கட்டிவிட்டது.

போர் முடிந்தபின் இந்தியக் கடனுதவியில், இர்கொன் நிறுவனம் பாதையைப் புதிதாகப் போட்டது. 2014 மார்ச்சில் பளைக்கும், ஒக்ரோபர் 13ஆம் திகதி யாழ்ப்பாணத்துக்கும், 2015 சனவரியில் காங்கேசன்துறைக்கும் ரயில் திரும்பியது. சின்ன ஸ்ரேசன்களும் புதுக் கட்டடத்தோடு எழும்பின. நான் வாழும் தேசத்திலிருந்து ஊருக்குப் போய் மீசாலையில் நின்றேன். மேடை சுத்தமாக இருந்தது, பெயர்ப்பலகை பளபளத்தது. கடுகதி ஒன்று நிற்காமல் போனது. கட்டடம் கிடைத்த ஊருக்குத் தோதான நேரத்தில் வண்டி கிடைத்ததா என்பதுதான் என் கேள்வி. நான் இப்போது இருக்கும் இடத்தில், ஏறுவதற்கு ஒருவர் நின்றாலும் சின்ன ஸ்ரேசனில் வண்டி நின்றுதான் போகிறது.

எரிபொருளுக்கு இலங்கையே வரிசையில் நின்ற 2022இல் என் கேள்விக்கு விடை கிடைத்தது. அந்த யூலையில் அலுவலகம் போகிறவர்களுக்காக யாழ் ராணி என்ற ரயில் ஓடத் தொடங்கியது. கிளிநொச்சிப் பக்கத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே அது ஓடியது. பெற்றோல் இல்லாமல் மோட்டார் சைக்கிளை மூலையில் சாத்தியவர்கள் அதில் ஏறினார்கள். பெயர் புதிது, வேலை எங்கள் பழைய கோச்சியின் வேலைதான். 2023இலும் 2024இலும் தெற்கே பாதை திருத்துவதற்காகக் கொழும்புக்கான நேரடிச் சேவை மாதக்கணக்கில் தடைப்பட்டது. குடாநாட்டுப் பாதையை ஊர்ச் சேவையாகவும் நினைத்துப் பார்க்க இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் அலுவலகத்துக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் பொருந்துகிற நேரத்தில் காலையும் பின்னேரமும் எல்லா ஸ்ரேசனிலும் நிற்கிற வண்டி வேண்டும். எரிபொருள் நெருக்கடி முடிந்தது என்பதற்காக அந்தச் சேவை நின்றுவிடக்கூடாது. கொடிகாமத்தில் ரயில் வந்து சேரும் நேரம் பார்த்துப் பருத்தித்துறை பஸ் புறப்படவேண்டும். அந்தக் காலத்துத் தட்டிவான்காரருக்குத் தெரிந்த கணக்குத்தான் இது.

ஊருக்குப் போகிறவர்களிடமும் ஒன்று சொல்லவேண்டும். விமான நிலையத்திலிருந்து வாடகை வானில் நேரே வீட்டுப் படலைவரை போய் இறங்கிவிட்டு, பிறகு ரயிலுக்காக ஏங்கிப் பயனில்லை. நின்று போகிற வண்டியைப் பார்த்து மிருசுவிலிலோ மீசாலையிலோ சங்கத்தானையிலோ ரிக்கற் எடுத்து ஏறுங்கள், பிள்ளைகளையும் ஏற்றுங்கள். ரிக்கற் விற்காத ஸ்ரேசனில் எந்தத் திணைக்களமும் நெடுநாளைக்கு வண்டி நிறுத்தாது.